ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்

அன்புள்ள மலர்விழிக்கு,

பேச்சுப் போட்டிக்காக நீ எழுதி அனுப்பிய உரையைப் படித்தேன். சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே சிறை நெரிசலைத் தலைப்பாக எடுத்திருக்கிறாயே என்று சந்தோஷமாக இருந்தது. நடை தெளிவாக இருக்கிறது, கோபம் நியாயமாக இருக்கிறது. ஆனால் கடைசிப் பத்தியில், "ஆகவே மாவட்டந்தோறும் புதிய சிறைகளைக் கட்டுவதே தீர்வு" என்று முடித்துவிட்டாய். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும். பொறுமையாகப் படி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தின்படி, 2022 முடிவில் இந்தியாவில் 1,330 சிறைகள் இருந்தன. அவற்றில் 4,36,266 பேருக்கு இடம். உள்ளே இருந்தவர்கள் 5,73,220 பேர். அதாவது நூறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் நூற்று முப்பத்தொரு பேர். இது நாட்டுச் சராசரிதான். உத்தரப் பிரதேசத்திலும் டெல்லியிலும் நூறு பேருக்கான இடத்தில் ஏறத்தாழ நூற்று எண்பது பேர் இருந்தார்கள். மத்தியச் சிறைகளைவிட மாவட்டச் சிறைகளில்தான் நெருக்கடி அதிகம், ஏனென்றால் பல மாநிலங்களில் பிடிபட்டவரை முதலில் கொண்டுபோய் விடுகிற இடம் அதுதான்.

இந்த எண்கள் உன் உரையிலும் இருக்கின்றன. விட்டுப்போனது அடுத்த வரி. அந்த 5,73,220 பேரில் தண்டனை பெற்றவர்கள் 1,33,415 பேர் மட்டுமே. விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நான்கு பேரில் மூன்று பேர் மீது இன்னும் எந்தக் குற்றமும் நிரூபணமாகவில்லை. தண்டனைக் கைதிகள் மட்டும் சிறையில் இருந்தால், இப்போது இருக்கிற கட்டடத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு காலியாகக் கிடக்கும். விசாரணைக் கைதிகளில் 11,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வருடத்துக்கு மேலாக உள்ளே இருந்தவர்கள்.

கட்டடம் கட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். கட்டினார்கள். 2019 முடிவில் 4,03,739 பேருக்கு இடம் இருந்தது. மூன்றே வருடத்தில் ஏறத்தாழ 32,500 இடங்கள் கூடின. அதே மூன்று வருடத்தில் உள்ளே இருந்தவர்கள் 4,78,600-லிருந்து 5,73,220 ஆனார்கள். ஏறத்தாழ 94,600 பேர் கூடுதல். புதிதாகக் கட்டிய ஒவ்வோர் இடத்துக்கும் கிட்டத்தட்ட மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். உன் கடைசிப் பத்தியை எழுதுவதற்கு முன் இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் நீயே பேனாவைக் கீழே வைத்திருப்பாய்.

நெரிசல் என்று எழுதுகிறோமே, அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும். மாதிரிச் சிறை விதித்தொகுப்பு ஒரு கைதிக்கு 3.71 சதுர மீட்டர் தரை வேண்டும் என்கிறது. ஏறத்தாழ 40 சதுர அடி. ஓர் அறைத்தொகுதியில் இருபது பேருக்கு மேல் கூடாது, இரவில் பத்துப் பேருக்கு ஒரு கழிப்பிடம் வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. சட்ட உதவி வழக்கறிஞராக நான் போய்வருகிற ஒரு கிளைச் சிறையில், திருவிழாவுக்கு முந்தைய வாரம் பார்த்திருக்கிறேன். 'முன்னெச்சரிக்கை' என்று சொல்லி வளைத்துப் பிடித்தவர்களும் சேர்ந்ததில், ஓர் அறையில் மல்லாந்து படுக்க இடமில்லை. ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். ஒருவர் திரும்பினால் வரிசையே திரும்ப வேண்டும். கழிப்பறைக் கதவை ஒட்டிய இடம் புதிதாக வந்தவனுக்கு. சுவரோரம் பழைய ஆளுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணிப் பூட்டினால் மறுநாள் காலைதான் திறப்பார்கள். சொறி ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். காசநோய்க்கும் அதே கதிதான். இதை யாரும் தண்டனை என்று எழுதித் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பே இன்னும் வரவில்லை.

அங்கே இருக்கிற வார்டர்களையும் நினைத்துப் பார். நாடு முழுக்கச் சிறைப் பணியிடங்களில் பத்துக்கு மூன்று காலி. இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கும் இடத்தில் கைதியிடம் பொறுமையாகப் பேசு என்று சொல்வது எளிது.

இனி இவர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள், ஏன் வெளியே போக முடியவில்லை என்பதைப் பார்ப்போம். என் வாதம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கட்டட வேலைக்குப் போகும் ஓர் இளைஞன் என்று வைத்துக்கொள். செல்போன் திருடியதாக வழக்கு. திருடியிருக்கலாம், திருடாமலும் இருக்கலாம். திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று வருடம். கைதுசெய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. நிறுத்துகிறார்கள், பெரும்பாலும் கோர்ட் முடிந்த பிறகு, சில சமயம் மாஜிஸ்திரேட் வீட்டில். அந்தச் சில நிமிடங்கள்தான் ரிமாண்ட். 'இவனை ஏன் கைதுசெய்தீர்கள், நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டானா, உடம்பில் காயம் இருக்கிறதா' என்று கேட்க வேண்டிய நிமிடங்கள். ஏழு வருடம் வரை தண்டனையுள்ள வழக்குகளில் கைது தன்னிச்சையாக நடக்கக் கூடாது, காரணத்தை எழுதிக் காட்ட வேண்டும், மாஜிஸ்திரேட் அதைப் படித்துத் திருப்தி அடைந்த பிறகே காவலில் வைக்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை ரிமாண்ட் நேரத்தில் எடுத்துச் சொல்ல அந்த இளைஞனுக்குப் பக்கத்தில் வக்கீல் நிற்க வேண்டும். பல நாள் யாரும் நிற்பதில்லை. பதினைந்து நாள் ரிமாண்ட். கிளைச் சிறை.

ரிமாண்டில் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தூரத்தில் தேட வேண்டியதில்லை. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்ட பிறகும் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். அந்த வழக்கைப் பற்றி நீ நிறையப் படித்திருப்பாய். ரிமாண்ட் என்கிற அந்த ஒரு கட்டத்தை மனதில் வைத்து இன்னொரு முறை படி.

நம் இளைஞனுக்கு வருவோம். வீட்டில் அம்மா யாரிடமோ கடன் வாங்கி வக்கீல் வைக்கிறாள். மனுப் போட்டு ஜாமீனும் கிடைக்கிறது. உத்தரவில் வழக்கமான வரி: பத்தாயிரம் ரூபாய்க்கான பிணைமுறியும், அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீனும். இதோடு வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவளுக்கு வேலை இங்கேதான் ஆரம்பம்.

ஜாமீன்தாரருக்கு ஆதார் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், போட்டோ வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். ரத்த உறவாக இருந்தால் நல்லது என்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வரி ரசீது ஏது? தாய்மாமன் ஒருவர் ரசீதோடு வருகிறார். கோர்ட்டில் வாங்கிப் பார்த்தால் ரசீது அவருடைய இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றம் செய்யப் பாகப்பிரிவினை நடக்க வேண்டும், அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட வேண்டும். ஜாமீன்தாரர் திருப்பி அனுப்பப்படுகிறார். ஒருநாள் கூலியும் பஸ் செலவும் போயிற்று. மறுவாரம் வேறொருவர் வருகிறார். அன்றைக்குக் கோர்ட் லீவு. கடைசியில் கோர்ட் வாசலில் நிற்கிற ஆள் ஒருவர், 'நான் ஏற்பாடு செய்கிறேன், இவ்வளவு ஆகும்' என்கிறார். காசு வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் ஜாமீன் நிற்கிற ஆட்கள் உண்டு. கைதி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்ட முறை, கைதி முகத்தையே பார்த்திராத ஒருவரின் பிழைப்பாக மாறிவிட்டது. அந்தப் பணமும் இல்லாதவன் ஜாமீன் உத்தரவோடு உள்ளேயே கிடக்கிறான்.

ஒருவழியாக வெளியே வந்துவிட்டான் என்றே வைத்துக்கொள். தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. கொத்தனாரோடு வேலைக்குப் போகிறவன் காலை ஏழு மணிக்கே முக்கில் நிற்க வேண்டும். பத்தரைக்குக் கையெழுத்து என்றால் அன்றைக்கு வேலை இல்லை. நான்கு நாள் கையெழுத்துப் போடுவான், ஐந்தாம் நாள் வயிற்றைப் பார்ப்பான். நிபந்தனையை மீறினான் என்று ஜாமீன் ரத்தாகும், வாரண்ட் வரும், மறுபடியும் அதே அறை. உத்தரவு எழுதியவருக்கு அந்தப் பத்தரை மணி சாதாரண நேரம். அவனுக்கு அது சோறு.

இந்த அநியாயத்தை நாற்பத்தைந்து வருடத்துக்கும் முன்பே ஒரு நீதிபதி எழுதிவைத்துவிட்டுப் போனார். 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனார் மத்தியப் பிரதேசத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்கு ஜாமீன் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கொத்தனாரின் அண்ணனோ தம்பியோ ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கேட்டுக் கொதித்துப்போனார். ஒரு ஊரில் பிடிபட்ட வெளியூர் ஏழைக்கு அங்கே யார் ஜாமீன் நிற்பார்கள் என்று கேட்டு, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். கிருஷ்ணய்யர் தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோது, 1948-இல், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்டவர். பின்னால் 1957-இல் கேரள அமைச்சரவையில் சிறைத்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. உள்ளே இருந்து பார்த்தவர் எழுதிய தீர்ப்பு என்பது படிக்கும்போதே தெரியும். இந்த வருடம் நீ ஒரே ஒரு தீர்ப்பை முழுதாகப் படிப்பதாக இருந்தால் அதைப் படி.

அடுத்த வருடம், 1979. போலீஸ் உயர் அதிகாரியாக இருந்த கே.எஃப்.ருஸ்தம்ஜி, பீகார் சிறைகளில் பார்த்ததை இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். தங்கள் குற்றத்துக்கு அதிகபட்சமாக எவ்வளவு தண்டனை கிடைக்குமோ அதைவிட அதிக காலம் விசாரணையே இல்லாமல் உள்ளே கிடந்தவர்கள், சாட்சி சொல்ல வேண்டும் என்பதற்காகப் 'பாதுகாப்பு' என்ற பெயரில் அடைக்கப்பட்ட பெண்கள். புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர் அந்தச் செய்தியையே ஆதாரமாக வைத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதுதான் ஹுசைனாரா கத்தூன் வழக்கு. விரைவான விசாரணையும் இலவசச் சட்ட உதவியும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதி பி.என்.பகவதி தீர்ப்பளித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக ஏறத்தாழ 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்தார்கள் என்பார்கள். ஒரு செங்கல்கூட வைக்காமல் இத்தனை பேருக்கு இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு சட்டம் சும்மா இருக்கவில்லை. அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் காலத்திலேயே கழித்துவிட்டவரைப் பிணையில் விடுவிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 436-ஏ பிரிவு வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 479-ஆம் பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். நம் இளைஞன் ஒரு வருடம் முடிந்தாலே விடுதலைக்குத் தகுதி பெறுவான். மனுப் போடுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்றும் சட்டமே சொல்கிறது. புதிய சட்டம் வருவதற்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. ஆனால் அதே பிரிவில் ஒரு கதவைச் சாத்தியும் வைத்திருக்கிறார்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. நம் ஊர்க் குற்றப்பத்திரிகைகளில் ஒரே ஒரு பிரிவோடு நிற்பது எத்தனை? இந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உன் உரையில் கோரிக்கை வேண்டுமென்றால் இதை வை.

ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளிவராதவர் பற்றிச் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதே வருடம் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அப்போது வைத்த வரம்பு ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய், அபராதத்துக்கு 25,000 ரூபாய். மாவட்டம்தோறும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்கிறது. மாவட்ட நீதிபதி, கலெக்டர், எஸ்.பி. எல்லாம் அதில் உண்டு.

இத்தனை இருந்தும் ஏன் நிரம்பி வழிகிறது? ஒவ்வொரு கைதிக்கும் எந்தத் தேதியில் பாதி முடிகிறது, இதுபோன்ற வழக்கில் எந்தத் தேதியில் குற்றப்பத்திரிகை வராமலேயே அறுபது நாள் முடிந்து ஜாமீன் உரிமை பிறக்கிறது என்று யாராவது உட்கார்ந்து எண்ண வேண்டும். அந்த எண்ணும் வேலைக்கு ஆள் இல்லை. வாய்தாவுக்குக் கூட்டிப்போக வழிக்காவல் போலீஸ் இல்லை என்று வீடியோவில் முகத்தைக் காட்டி ரிமாண்டை நீட்டிக்கிறார்கள். கைதிக்கு அடுத்த தேதி தெரியும், தன் உரிமை தெரியாது. விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் இருவர் பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள். ஏறத்தாழ மூன்றில் இருவர் பட்டியல் சாதிகளையும் பழங்குடிகளையும் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளையும் சேர்ந்தவர்கள். வசதி உள்ளவனின் வக்கீல் அறுபத்தோராம் நாள் காலையில் மனுவோடு கோர்ட் வாசலில் நிற்பார்.

தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தக் கணக்கில் நம் மாநிலச் சிறைகளில் 2022-இல் கொள்ளளவுக்குக் குறைவாகத்தான் ஆட்கள் இருந்தார்கள். இதை மேடையில் பெருமையாகச் சொல்ல உனக்குத் தோன்றும். சொல்வதற்கு முன், குண்டர் சட்டம் என்று நாம் கூப்பிடும் 1982-ஆம் வருடச் சட்டத்தையும் படித்துவிடு. கலெக்டர் அல்லது போலீஸ் கமிஷனர் கையெழுத்திட்டால் விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். இப்படித் தடுப்புக் காவலில் ஆட்களை வைப்பதில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு. உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவில் அந்த உத்தரவுகளை அடிக்கடி ரத்துசெய்கிறது. ஆனால் ரத்தாவதற்குள் மாதங்கள் போய்விடும்.

'அப்படியானால் குற்றவாளிகளை எல்லாம் திறந்துவிடச் சொல்கிறீர்களா?' என்று போட்டியில் நடுவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். செல்போனைப் பறிகொடுத்தவளுக்கும் நியாயம் வேண்டும். அவளுக்கு வேண்டியது வழக்கு சீக்கிரம் முடிவதும் குற்றம் செய்தவனுக்குத் தண்டனையும். மூன்று வருடம் வழக்கை இழுத்தடித்துச் சாட்சிகள் சலித்துப்போய் கடைசியில் அவன் விடுதலையானால் அவளுக்கு என்ன கிடைத்தது? ஆபத்தானவனைக் காவலில் வைக்கக் காரணம் இருக்கும்போது வை. அந்தக் காரணம் வரி ரசீது இல்லாததாக இருக்கக் கூடாது.

திறக்க முடியும் என்பதையும் ஒருமுறை கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச் 23 அன்று, கொரோனா பரவத் தொடங்கியபோது, ஏழு வருடம் வரை தண்டனையுள்ள வழக்குகளில் இருப்பவர்களை இடைக்காலமாக விடுவிப்பது பற்றி முடிவெடுக்க மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனையோ வருடமாக முடியாது என்று சொன்ன இடங்களில் சில நாட்களில் கோப்புகள் நகர்ந்தன. பல இடங்களில் சொந்தப் பிணையிலேயே விட்டார்கள். பிறகு கோர்ட்டுகள் மூடிக்கிடந்தன, கைதுகள் நிற்கவில்லை, சிறைகள் மறுபடி நிரம்பின. 2021 முடிவில் நூறு பேர் இடத்தில் நூற்று முப்பது பேர்.

சில பழைய கட்டடங்களை இடித்துக் கட்டத்தான் வேண்டும், கழிப்பறையும் காற்றும் இல்லாத அறைகளை மூடத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. அதை நெரிசலுக்கு மருந்து என்று மட்டும் சொல்லாதே. உன் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு இப்படி எழுது: ரிமாண்டின்போது ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு வக்கீல் நிற்க வேண்டும், சிறு வழக்குகளில் சொந்தப் பிணை வழக்கமாக வேண்டும், கையெழுத்து நிபந்தனை ஒருவனின் வேலை நேரத்தைப் பார்த்துப் போடப்பட வேண்டும், மறுஆய்வுக் குழு கூடிய தேதியும் விடுவித்தவர் எண்ணிக்கையும் மக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.

போட்டி முடிந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, மாணவர்களும் சேரலாம். பயிற்சி கொடுப்பார்கள். உன் தோழிகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் கொடு. கிளைச் சிறையில் உட்கார்ந்து, வந்த தேதி, வழக்குப் பிரிவு, ஜாமீன் கிடைத்ததா, கிடைத்தும் ஏன் போகவில்லை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுது. அந்தப் பட்டியல்தான் மறுஆய்வுக் குழுவின் மேஜைக்கு வர வேண்டியது. சட்ட உதவிக்கான இலவசத் தொலைபேசி எண் 15100. அதை உன் தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி வை.

அன்புடன்,
அத்தை